சாயம் வெளுக்கிற வயசு

மாசைப் பத்திப் பேச உனக்கென்ன யோக்கியதைன்னு யாராச்சும் கேட்டா, சர்டிபிகேட்டெல்லாம் காட்ட மாட்டேன் சாமி. என்ற காடு நொய்யல் ஆத்து மேல கட்டுன ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ இருக்குதுன்னு மட்டும் சொல்லுவேன். கொங்கு நாட்டுல அதைக் கேட்டவங்க அதுக்கப்புறம் வாயைத் தொறக்கறதில்லை. தண்ணி உடுங்கன்னு அணை முன்னால கத்தற விவசாயியை எல்லாச் சீமையிலயும் பாக்கலாம். "தயவு செஞ்சு உட்றாதீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்ட விவசாயி எங்க பக்கத்துலதான் இருந்தான்.

அதனால, இளசுகளுக்குத்தான் பூமி மேல அக்கறை, பெருசுகளுக்கு அக்கறையே இல்லைன்னு இப்ப வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாயத்து ஓடுதே, அதுல ரெண்டு வார்த்தை சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு. ரெண்டு கட்சிக்காரங்களும் சித்தெ உக்காருங்க. ஆருக்கும் கோவம் வரப்படாது. வந்தாலும் காட்டப்படாது.

மொதல்ல இளசுக. வா கண்ணு, வா அம்மிணி.

ஜூன் 5, சுற்றுச்சூழல் நாள் வந்துட்டா உங்க அமர்க்களத்தைப் பாக்கணுமே! காலேஜுல ஆளுக்கொரு பச்சை டீசர்ட்டு குடுத்தர்றாங்க. முதுகுல "பூமியைக் காப்போம்"னு அச்சு. ஊர்வலம் போறீங்க, போட்டோ புடிக்கறீங்க. திண்ணையில உக்காந்து நானும் பாக்கறேன். பச்சை நல்ல எடுப்பாத்தான் இருக்குது. இந்தப் பச்சை துணியில எப்படி ஏறுச்சு சாமின்னு கேட்டா மட்டும் ஒருத்தரும் பதில் சொல்றதில்லை. மொபைலை எடுத்துத் தடவறீங்க.

நானே சொல்றேன். பருத்தித் துணியைச் சாயத் தண்ணிக்குள்ள போட்டா, சாயம் தானா ஒட்டிக்காது. தண்ணிக்குள்ள அது ரெண்டும் ஒண்ணையொண்ணு வெலக்கும். உப்பைக் கொட்டினாத்தான் சாயம் நூலுக்குள்ள எறங்கும். அடர்த்தியான நெறம்னா லிட்டருக்கு 60 கிராம், 80 கிராம்னு கூடப் போடுவாங்க. கடல் தண்ணியிலயே லிட்டருக்கு 35 கிராம் உப்புத்தான். ஆக, திருப்பூர்ச் சாயத் தொட்டி ஒண்ணுல கன்னியாகுமரிக் கடலை விட ரெட்டிப்பு உப்பு. துணி அந்த உப்பைக் குடிச்சுக்காது. சாயத்தை வாங்கிக்கிட்டு உப்பை அப்படியே தொட்டியில உட்டுரும். தொட்டித் தண்ணி அந்தக் காலத்துல எங்க போச்சுன்னு என்ற காட்டுத் தென்னை மரத்தைக் கேட்டா சொல்லும். உசுரோட இருந்தா.

உங்க பூமியைக் காப்பாத்தற சட்டை எங்க ஆத்துல குளிச்சுட்டுத்தான் வந்துச்சு. இந்த டீசர்ட்டு ஒண்ணுதான்னா போகட்டும். மாசத்துக்கு ரெண்டு வாங்கறீங்க. மொபைல்ல அமுக்குனா மறுநாள் வாசல்ல வந்து உழுகுது. ரெண்டு வாட்டி தொவைச்சுட்டுப் பழசாப் போச்சுங்கறீங்க. என்ற வேட்டி உங்க கட்சியில சேந்தா அதுக்குத் தலைவர் பதவியே குடுக்கலாம், அத்தனை வருசம் உழைச்சிருக்குது. மஞ்சப்பையும் அப்படித்தான். நாங்க அதைக் கக்கத்துல இடுக்கிட்டு டவுன் பஸ் ஏறினப்ப பட்டிக்காட்டான்னு சிரிச்சாங்க. 2019 ஜனவரி 1-ல இருந்து ஒருக்கா உபயோகிச்சுட்டு எறியற பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டுல தடை வந்துச்சு. 2021 டிசம்பர்ல "மீண்டும் மஞ்சப்பை"ன்னு அரசாங்கமே கூப்பிட்டுச்சு. இப்பக் காசு போட்டா மெஷினே பையை நீட்டுது. எங்கூட்டு அட்டாலியில கெடக்கறதை எல்லாம் எடுத்து வித்திருந்தா நான் ஒரு பணக்காரன்.

சிரிக்காதீங்க பெரியவங்களே, உங்களுக்குத்தான் அடுத்தது.

பாவம், அப்பாம்மாவுக்கு வெவரம் தெரியாது, படிக்காத காலத்து ஆளுங்கன்னு இந்தப் புள்ளைக நெனைச்சுக்கிட்டிருக்குது. பெரியவங்களை இதைவிடக் கேவலமாப் பேச முடியாது. தெரியாதா? நமக்கா? வெள்ளியங்கிரி மலையில இருந்து வர்ற நொய்யல் எப்படி இருந்துச்சுன்னு தெரியும். மணல்ல ஊத்துத் தோண்டி அள்ளிக் குடிச்ச ருசி நாக்குல இருக்குது. சட்டமும் தெரியும். மோசமான கழிவு வர்ற ஆலைக ஆத்துல இருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ள வரப்படாதுன்னு 1989-லயே அரசாணை போட்டாச்சு. அந்த ஆறுக பட்டியல்ல நொய்யலும் இருக்குது. ஆணையை நாம படிச்சோம், மடிச்சோம், வெச்சோம். சாயப்பட்டறை, சலவைப்பட்டறை எல்லாம் சேந்து 700-ஐத் தாண்டிப் போச்சு.

அப்புறம் 1992-ல, திருப்பூருக்குக் கீழ, சென்னிமலைக்குப் பக்கத்துல ஒரத்துப்பாளையத்துல அணையைக் கட்டித் தொறந்தோம். ஈரோடு, கரூர்ப் பக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம்னு கணக்கு. மேல சாயப்பட்டறை, கீழ அணை. பெரியவங்க திட்டம் போட்டா எதுவும் வீணாப் போகாது பாருங்க, கழிவைத் தேக்கி வைக்க ஒரு தொட்டி வேணுமில்ல? அஞ்சாறு வருசத்துக்குள்ள அணைத் தண்ணி நெறம் மாறிப்போச்சு. கெணறுக உப்பாச்சு. மாட்டைத் தண்ணிக்கு ஓட்டிட்டுப் போனா மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்துச்சு. மாட்டுக்கு ஆரு சுற்றுச்சூழல் பாடம் நடத்துனாங்களோ தெரியலை.

நாம சும்மா இருந்தோம்னு ஆரும் சொல்ல முடியாது. தொண்ணூறுகள் கடைசியில பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினோம். அழுக்குத் தண்ணி ஒரு பக்கம் போயி மறுபக்கம் தெளிஞ்சு வந்துச்சு. ஒரே கைத்தட்டல். அதுல சின்ன சங்கதி ஒண்ணு என்னன்னா, அந்த நிலையங்க நெறத்தையும் கசடையும் எடுத்துச்சு, கரைஞ்ச உப்பைத் தொடலை. கண்ணாடி மாதிரித் தெளிஞ்ச உப்புத் தண்ணி வந்துச்சு. ஆத்துல உடற கழிவுத் தண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டப்படாதுங்கறது விதி. அந்தத் தண்ணியில அது பல மடங்கு இருந்துச்சு. வந்து பாத்த அதிகாரிக கண்ணால பாத்துட்டுப் போனாங்க. தென்னை வேரால பாத்துச்சு. எங்க பக்கத்துல வேர்தான் கரெக்டா ரிப்போர்ட்டு குடுத்த அதிகாரி.

இப்பக் கொஞ்சம் உள் சமாச்சாரம் சொல்றேன், புள்ளைகளும் காதைக் குடுங்க. பட்டறை வெச்சவன் ஆரு, காடு கெட்டவன் ஆரு? வேத்து நாட்டுக்காரன் வந்து எங்களைக் கெடுத்தான்னு சொல்ல எனக்கும் ஆசைதான். வழியில்லை. பட்டறைக்காரங்கள்ல பாதிப்பேரு எங்க பங்காளி, மாமன், மச்சாந்தான். காட்டை வித்து, நகையை அடகு வெச்சு, பனியன் கம்பெனிக்குப் போயித் தொழில் பழகி மேல வந்தவங்க. அதனால கலியாண மண்டபத்துல எங்க பந்தியைப் பாக்கணும். இந்தப் பக்கம் அணைத் தண்ணியால தோப்பு காஞ்சவன். அந்தப் பக்கம் அந்தத் தண்ணியை அனுப்பி வெச்சவன். நடுவுல ஒரு அப்பளம். "எப்படி மாப்ளே, வெள்ளாமையெல்லாம்?"னு அவன் கேப்பான். "இருக்குதுங்க, நீங்க பாத்து உடற தண்ணிதான்"னு இவன் சொல்லுவான். ரெண்டு பேரும் சிரிச்சுட்டுப் பாயசம் குடிப்பாங்க. மொய் எழுதற எடத்துல பட்டறைக்காரரு பேருதான் மேல இருக்கும். புள்ளைக இதைப் பாத்துட்டு, பெரியவங்களுக்கு அக்கறையில்லைன்னு நெனைச்சுக்குது. அக்கறை நெறைய உண்டு கண்ணு. ஒறம்பரையும் அதே அளவுக்கு உண்டு. அந்த ரெண்டும் மோதினா எது ஜெயிக்கும்னு இன்னும் நீ பாக்கலை, பொண்ணு பாக்கப் போறப்பப் பாப்பே.

அட, அது வரைக்கும் எதுக்கு? மொதல் சம்பளம் வாங்கட்டும், போதும்.

எங்க சாதிசனத்துல ஒரு பையன். பேரு வேண்டாம். பள்ளிக்கூடத்துல பசுமைப் படைத் தலைவன். சாயக்கழிவைப் பத்தி அவன் பேசினதைக் கேட்டு மேடையில இருந்த பட்டறை ஓனரே கண்ணைத் தொடைச்சுட்டாரு. அப்புறம் அவன் ஜவுளிப் படிப்புப் படிச்சான். அதே கண்ணைத் தொடைச்சவருகிட்ட வேலைக்குச் சேந்தான். சேந்த மறுமாசம் ஊருக்கு வந்தவன்கிட்ட, "ஏன் கண்ணு, ஆத்துல மறுபடி நுரை வருதாமே?"னு லேசாக் கேட்டேன். நிமிந்து உக்காந்தான். "அப்புச்சி, இந்தத் தொழிலை நம்பி லட்சக்கணக்கான குடும்பம் இருக்குது, அன்னியச் செலாவணி வருது, எல்லாத்தையும் நடைமுறையில பாக்கணும்"னான். குரல் கூட மாறிப்போச்சு, தொண்டையில கொஞ்சம் தொப்பை. ஒரே மாசத்துல அவனுக்கு நாப்பது வயசு ஆயிப்போச்சு.

அவன் சொன்னதுல பொய்யொண்ணும் இல்லை. 2011 ஜனவரி 28-ல, கழிவே வெளிய வராத ஏற்பாடு செய்யற வரைக்கும் திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளை ஒட்டுக்கா மூடுங்கன்னு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சே, அப்பத் தெக்கத்தி மாவட்டத்துல இருந்தும் வடக்க இருந்தும் பொழைக்க வந்தவங்க மூட்டையைக் கட்டிட்டு ஊருக்குத் திரும்புனதை நான் பாத்திருக்கேன். அந்தச் சோத்தை நான் பழிக்கலை. ஆனாப் பாருங்க, மாசைப் பத்தி ஒருத்தன் என்ன நெனைப்பான்னு தெரிஞ்சுக்க அவன் வயசைக் கேக்காதீங்க, அவன் வீட்டு அரிசி எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு கேளுங்க. இளசுகளோட மனசு சுத்தமா இருக்கறதுக்கு, லாபத்துல அவங்களுக்கு இன்னும் பங்கு குடுக்காததும் ஒரு காரணம். இதைச் சொன்னா என்ற பேத்திக்குக் கோவம் வருது. எனக்கு அந்தக் கோவம் புடிச்சிருக்குது. அது தீராம இருந்தாச் செரி.

பெரியவங்களோட இன்னொரு சாமர்த்தியத்தை நான் ரசிச்சே ஆகணும். 1991-ல உச்ச நீதிமன்றம் நாடு பூராவும் பள்ளிக்கூடத்துல சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமா வைக்கச் சொல்லுச்சு. நல்ல தீர்ப்பு. நாம அதை இப்படிப் புரிஞ்சுக்கிட்டோம்: பாடம் புள்ளைகளுக்கு, பரீட்சை புள்ளைகளுக்கு, மாசு மட்டும் நமக்கு. எட்டாம் வகுப்புப் புள்ளை சார்ட்டுப் பேப்பர்ல மஞ்சளா ஒரு சூரியன், நீலமா ஒரு ஆறு வரையுது. ஆத்துக்கு ஏன் கண்ணு நீலம் அடிச்சேன்னு கேட்டா, மிஸ் சொன்னாங்கங்குது. அந்தச் சார்ட்டைத் தூக்கிட்டு வேகாத வெய்யில்ல நிக்குது. நாம இன்ஜினை நிறுத்தாம கார் கண்ணாடியை எறக்கிக் கைகாட்டிட்டுப் போறோம். மகனுக்கு மொதல் பரிசு கிடைச்சா வாட்சப்புல போடறோம். சாயங்காலம் குப்பையைக் கூட்டி வேலியோரம் வெச்சுக் கொளுத்தறோம்.

போகியையும் இங்கயே சொல்லிப் போடறேன். எங்க பக்கம் அன்னைக்கு வேப்பலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வெச்சுக் காப்புக் கட்டறதோட செரி. டயரைக் கொளுத்திப் பழையன கழியற வித்தையெல்லாம் பட்டணத்துப் பெரியவங்க கண்டுபுடிச்சது. 2018 போகியில சென்னையில பொகை மூட்டம் ஏர்போர்ட்டையே மறைச்சு விமானமெல்லாம் தடுமாறிப் போச்சு. சின்னப் புள்ளைக கொட்டு அடிச்சுது. டயர் கொண்டாந்தது பெருசுக.

அப்ப இளசுகள்ல ஒருத்தருமே தேறலையான்னு கேப்பீங்க. தேறியிருக்குது. திருவண்ணாமலையில வினிஷா உமாசங்கர்னு ஒரு புள்ளை. தெருவுல இஸ்திரி போடறவரு தள்ளுவண்டியில கரி எரியறதைப் பாத்துச்சு. பதாகை தூக்கலை. சூரிய சக்தியில ஓடற இஸ்திரி வண்டி ஒண்ணை வடிவமைச்சுச்சு. 2021-ல கிளாஸ்கோவுல உலகத் தலைவருங்க கூடுன பருவநிலை மாநாட்டுல அந்தச் சின்ன வயசுலயே நின்னு, உங்க வெத்து வாக்குறுதியைக் கேட்டு எங்க தலைமுறைக்குக் கோவமா இருக்குதுன்னு மொகத்துக்கு நேரா சொல்லுச்சு. எனக்குப் புடிச்சது மாநாட்டுப் பேச்சு இல்லை, தெருவுல கண்ணைத் தொறந்துட்டு நடந்ததுதான். கரி, கணக்கு, செலவு மூணையும் ஒட்டுக்கா பாத்த புள்ளை அது.

சரி, நொய்யல் கதை எப்படித் திரும்புச்சுன்னு சொல்ல வேண்டாமா? அங்கதான் ரெண்டு கட்சிக்கும் மூஞ்சி சுருங்கும். ஊர்வலத்தாலயும் திரும்பலை, கமிட்டியாலயும் திரும்பலை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம்னு கொஞ்சம் காட்டுக்காரங்க இருந்தாங்க. நடுவயசைத் தாண்டினவங்க. ஒருத்தருக்கும் இங்கிலீஷ் சரளமா வராது. மொபைல்ல பேரு பதிஞ்சு வைக்க மக வேணும். அவங்க கெணத்துத் தண்ணியைப் பாட்டல்ல அடைச்சுட்டு, சிட்டா அடங்கலைக் கட்டித் தூக்கிட்டுச் சென்னைக்கு ரயிலேறிப் போனாங்க. வாய்தா, வாய்தான்னு வருசக் கணக்கா நடந்தாங்க. 2006 டிசம்பர்ல உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளிய வரப்படாது, அது வரைக்கும் உடற ஒவ்வொரு லிட்டருக்கும் காசு கட்டுன்னு சொல்லுச்சு. லிட்டருக்கு 6 காசுல ஆரம்பிச்சுது. ஆத்துக்கு இத்தனை வருசத்துல மொத மொதல்ல ஒரு வெலை போட்டதே அதுதான். பாட்டல் தண்ணியை ரூபாய்க் கணக்குல வித்தாங்க, இருந்தாலும் ஆத்துக்கு 6 காசாச்சும் கிடைச்சுதேன்னு சந்தோசப்பட்டேன். 2009-ல உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி பண்ணுச்சு. அப்பவும் பட்டறைக அடங்கலைன்னுதான் 2011-ல பூட்டு விழுந்துச்சு.

பூட்டு விழுந்தா தொழிலே செத்துப்போகும்னு சொன்னாங்க. சாகலை. எதிர்ச் சவ்வூடு பரவல் மெஷின் வெச்சு உப்பைப் பிரிச்சாங்க, மிச்சத்தைக் காய்ச்சி வடிச்சாங்க, அந்தத் தண்ணியையும் உப்புக் கரைசலையும் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கிட்டாங்க. பட்டறைக ஒண்ணொண்ணாத் தொறந்துச்சு. திருப்பூர் இன்னைக்கும் உலகத்துக்குப் பனியன் தெச்சு அனுப்பிக்கிட்டுத்தான் இருக்குது. இருவது வருசமா முடியவே முடியாதுன்னு பெரியவங்க சொன்ன காரியத்தை, வேற வழியில்லைன்னதும் செஞ்சு காமிச்சுட்டாங்க. நம்ம பெரியவங்க திறமைசாலிங்கறதுல எனக்கு எப்பவும் சந்தேகமே வந்ததில்லை. அவங்களுக்குப் பூட்டு ஒண்ணுதான் தேவைப்படுது.

பூட்டு இல்லாத ஊருக்குப் போன பட்டறைகளும் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம்னு காவேரிக் கரையில சாயக்கழிவுப் பிரச்சனை அடிக்கடி கெளம்புது. எங்க நொய்யல்லயும் பெரிய மழை வந்தா எங்கிருந்தோ நுரை வந்துருது. மேல கோயமுத்தூர்ச் சாக்கடை வேற கலக்குது. ஆரு உட்டதுன்னு கேட்டா எல்லாரும் மழையைக் காட்டறாங்க. மழை மேல வழக்குப் போட முடியாதுங்கறது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குது.

ஆக, பெரியவங்களே, உங்களுக்கு என்ற புத்திமதி ரொம்பச் சுலபம். நீங்க எப்பவும் போல இருங்க. ஜூன் 5-ல போன வருசம் மரம் நட்ட குழியிலயே இந்த வருசமும் நடுங்க, மண்ணு எளக்கமா இருக்கும், மம்பட்டிக்கு வேலை குறைவு. பதாகையைப் புள்ளைக கையில குடுத்துட்டு நீங்க நெழல்ல நில்லுங்க. ஆத்துல நுரை வந்தா, எங்க காலத்துல எப்படி இருந்துச்சு தெரியுமான்னு ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் பேசுங்க. அந்தப் பேச்சு முடியறதுக்குள்ள நுரை கீழூருக்குப் போயிரும்.

இளசுகளுக்குத்தான் கஷ்டமான புத்திமதி. கோஷத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணிட்டுக் கணக்குக் கத்துக்கங்க. தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கப் பேனா மாதிரி ஒரு மீட்டர் விக்குது, சில நூறு ரூபாதான், உங்க டீசர்ட்டு வெலை. ஓடையிலயும் கெணத்துலயும் மாசம் ஒருக்கா வெச்சு நோட்டுல எழுதுங்க. குடிதண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும் போகலாம், கழிவுக்கு 2,100. இந்த மூணு நெம்பரையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போயி அதிகாரி முன்னால நின்னா, பத்து ஊர்வலத்துக்கு வராத மரியாதை வரும். பதினெட்டு முடிஞ்சவங்க கிராம சபையில எந்திரிச்சுப் பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருசத்துக்கு ஆறு தடவை கூடுது. அதுல மார்ச் 22 தண்ணி நாள், அன்னைக்கு நீங்க வராட்டி நாங்க வாய்க்கால் தூர்வாரற கான்ட்ராக்டு பத்தி மட்டும் பேசிட்டு டீ குடிச்சுட்டு எந்திரிச்சுருவோம்.

உங்க ஊருக்குப் பக்கத்து ஆலைக்கு எத்தனை லிட்டர் கழிவுக்கு அனுமதி, கடைசியா எப்பத் தண்ணியைச் சோதிச்சாங்க, என்ன அளவு வந்துச்சுன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போடுங்க. கட்டணம் 10 ரூபா. 30 நாளுல பதில் குடுத்தாகணும். குடுக்கலைன்னா மேல்முறையீடு இருக்குது. இந்த மாசமே போடுங்க கண்ணு, மொதல் சம்பளம் வர்றதுக்கு முன்னாடி.